இது யார் முறைத் தண்ணீர்?

வாய்க்கால் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வயலுக்கு வந்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் காபி போட்டேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை அது. கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில் இருக்கும் எங்கள் வயலுக்குக் காலை பத்து மணிக்கு வர வேண்டிய தண்ணீர், ஆறு மணிக்கே சலசலவென்று வந்து நின்றது. நாலு மணி நேரம் முன்னாடி! எங்கள் வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு, முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏம்புள்ள, இன்னைக்குத் தண்ணி என்னா வரத்து வருதுங்கற! நெல்லுக்குப் பாஞ்சு, தென்னைக்கும் பாஞ்சுரும் போ!"

நானும் சிரித்தேன். காபியை ஆற்றிக் கொடுத்தேன். பிறகு மேஜையில் உட்கார்ந்து, நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்காக ஒரு கட்டுரைக்குக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

என்ன கட்டுரை தெரியுமா? அதைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

கல்பாத்தியிலிருந்து ஒரு வாசகர் எனக்கு அவ்வப்போது போன் செய்வார். ரிட்டயர் ஆனவர். நான் நன்றாக எழுதினால் கூப்பிட மாட்டார். தப்பாக எழுதினால் மட்டும் காலை ஏழு மணிக்கே கூப்பிடுவார். அவர் அந்த வாரம் கேட்டார்: "ஏம்மா, எங்கே பாத்தாலும் பாசிசம் பாசிசம்ங்கறா. எழுதறவாளும் எழுதறா, பேசறவாளும் பேசறா. அது நம்மாத்து வாசலுக்கு வந்துடுத்துன்னா எப்படித் தெரியும்? அதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாளே. நீங்க எழுதுங்கோ."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை என் நோட்டில் எழுதிய குறிப்புகள் இப்போதும் நினைவில் இருக்கின்றன: பூட்ஸ் சத்தம். ஊர்வலம். மாடியில் நின்று கத்தும் ஒரு ஆள். எரியும் புத்தகங்கள்... ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இதமாக இருந்தது என்றுகூட நினைத்தேன்.

எங்கள் வாய்க்காலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அணையிலிருந்து வரும் பெரிய வாய்க்காலில் பிரியும் ஒரு கிளை. நாற்பது வீட்டு வயல். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை, மடையை அடைக்க ஒரு மரப்பலகை. வாரத்துக்கு ஒரு தடவை, நாலு மணி நேரம், ஒரு வீட்டுக்குத் தண்ணீர். அதற்குப் பெயர்தான் முறை. வாய்க்கால் முடியும் இடத்தில் இருப்பது வால் மடை. அங்கே தண்ணீர் போய்ச் சேருவதற்குள் பாதி நேரம் ஓடிவிடும்.

யாருக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி? போகம் தொடங்கும்போது கூட்டம் போட்டு, ஒரு பித்தளைக் குடத்தில் நாற்பது சீட்டும் போட்டுக் குலுக்குவோம். முதல் சீட்டை வால் மடைக்காரர்தான் எடுக்க வேண்டும். கடைசியாகத் தண்ணீர் பார்க்கிறவர் கை முதலில் குடத்துக்குள் போகட்டும் என்று என்றைக்கோ யாரோ நியாயம் வைத்திருக்கிறார்கள். எதிலாவது தகராறு வந்தால் கை தூக்கச் சொல்லி எண்ணுவோம். எல்லாம் முடிய அரை நாள் ஆகும். டீ இரண்டு தடவை வரும். குறைந்தது இரண்டு பேராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஆனாலும் நடந்தது.

போன வருஷம் வரை.

போன வருஷம் அணையில் தண்ணீர் குறைச்சல். முறை தவறியது, வரப்பில் சண்டை, ஒருத்தருக்கு மண்டையில் தையல். அந்தக் கூட்டத்தில்தான் செல்வராஜ் எழுந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். போர்வெல் வண்டி வைத்திருந்தவர். எந்தக் கட்சியிலும் இல்லை. குடிக்க மாட்டார். 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார்.

"ஏனுங்க, இன்னும் எத்தனை நாளைக்குங்க இப்படி அடிச்சுட்டுக் கெடக்கறது? குடமாமா, சீட்டாமா... காலம் மாறிப் போச்சுங்க. ஒரு வருசம் எங்கையில உடுங்க, ஒழுங்கு பண்ணிக் காட்டறேன். சம்மதம்னா எல்லாரும் ஒரு கை தட்டுங்க!"

தட்டினோம். நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். சண்டை சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தது எங்களுக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செல்வராஜ் சொன்னதைச் செய்தார். கம்ப்யூட்டரில் அடித்த லிஸ்ட் வந்தது. தண்ணீர் கடிகாரம் பார்த்து வந்தது. பல வருஷமாகத் தூர் வாராத இடமெல்லாம் சுத்தமாயிற்று. காரியம் நடக்காமல் போயிருந்தால் நாங்கள் இவ்வளவு மயங்கியிருக்க மாட்டோமே!

பிறகு பத்துப் பதினைந்து பேர் பச்சை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரம் நடக்க ஆரம்பித்தார்கள். முதுகில் 'நீர்க் காவல்' என்று எழுத்து. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. எங்கள் வாய்க்காலுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. ரோஜாப்பூ குட்மார்னிங், காணாமல் போன ஆடு, யாருடைய வீட்டில் கல்யாணம், எல்லாம் அதில்தான். ஒரு நாள் பார்த்தால், அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று மாற்றியிருந்தார்கள். 'தேவையில்லாத மெசேஜ் வேண்டாமே' என்றார்கள். எனக்கு அந்த ரோஜாப்பூ ஒழிந்ததில் சந்தோஷம். அதோடு நாற்பது வீட்டுக்காரர் வாயும் மூடப்பட்டது என்று அப்போது உறைக்கவில்லை.

ஒழுங்குக்கு ஒரு எதிரி தேவைப்படும் போலிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது வால் மடை.

வால் மடையில் இருப்பவர் பேச்சியம்மாள். போடிமெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். வேலை முடிந்ததும் கிடைத்ததை வைத்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷன் முத்தையாவோடு இங்கே வந்து ஒரு ஏக்கர் வாங்கினார். எங்கள் வயசுதான். என்னை 'மதினி' என்று கூப்பிடுவார். எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அதுவே எங்களுக்கு வேடிக்கை. 'எஸ்டேட்டு' என்று அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தோம். பேச்சியம்மாள் மாதிரி யாராவது பேசிக் காட்டினால் வாய்விட்டுச் சிரித்தோம். எங்கள் வீட்டுக்காரர் நன்றாகப் பேசிக் காட்டுவார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டுவார்.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஏதாவது அப்ளிகேஷனோடு பாலக்காட்டில் ஒரு ஆபீசுக்குப் போய், மலையாளம் கொஞ்சம் தடுமாறினால், தமிழரை இளக்காரமாகச் சொல்லும் 'பாண்டி' என்ற முணுமுணுப்பு காதில் விழும்படி வரும். அது எப்படிச் சுடும் என்று எங்கள் ஊரில் தெரியாத ஆள் கிடையாது. அப்படிச் சூடுபட்ட நாங்கள்தான் ஊருக்குள் வந்து இன்னொருத்தியை 'எஸ்டேட்டு' என்றோம்.

அப்புறம் ஒரு படிவம் வந்தது. வீட்டுக்கு வீடு பச்சை டீ-ஷர்ட்காரர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். 'உங்கள் தாத்தா பிறந்த ஊர் எது?' தாத்தா இங்கேயே பிறந்திருந்தால் மண்ணுக்காரர்; மற்றவர்கள் வந்தவர். எங்கள் வீட்டுக்காரரின் தாத்தா ஆனைமலைப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர். இவர் பேனாவை அழுத்திப் பிடித்து 'பெருமாட்டி' என்று எழுதினார்.

"ஏனுங்க, பொய் எழுதறீங்க?"

"எதுக்குப் புள்ள வம்பு? எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். தாத்தா பிறந்த ஊரையே மாற்றி எழுதும் அளவுக்கு நாங்கள் ஏற்கெனவே பயந்திருந்தோம். ஆனால் அதைப் பயம் என்று யாரும் சொல்லவில்லை. ஒத்துழைப்பு என்றோம்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தண்ணீர் பாய்ந்தது, காபி குடித்தோம், குறிப்பு எடுத்தேன். மறுநாள் காலையில் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கொத்து நெற்கதிர். உள்ளே வரச் சொன்னேன். வந்தவர் உட்காரவில்லை. கதிரை மேஜைமேல் வைத்தார்... என் நோட்டுக்குப் பக்கத்தில்.

"மதினி, இதைப் பிதுக்கிப் பாருங்க. பால் இருக்கா?"

நெல் பால் பிடிக்கிற நேரம் அது. அந்தச் சமயத்தில் ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் வர வேண்டும். அழுத்தினேன். இரண்டு மணியில் லேசாக ஒரு ஈரம். மூன்றாவதில் ஒன்றுமில்லை. இந்தக் கட்டத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது, அத்தனையும் பதராகிவிடும்.

"செவ்வாக்கெழம ஆறு மணியில இருந்து பத்து வரைக்கும் எங்க முறை. மடையில குத்த வச்சு உக்காந்திருந்தோம், நானும் அவரும். ஒரு சொட்டு வரல. தண்ணி உங்க வயலுக்குப் போச்சுன்னு சொல்லுதாக. நெசமா மதினி?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத்தனை வருஷமாக உங்களுக்கு நியாயம் எழுதுகிறவள் நான்.

"தெரியலீங்களே பேச்சிக்கா... அவருதான் வயலுக்குப் போனாரு."

பேச்சியம்மாள் கதிரை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எஸ்டேட்டுல ஒரு கங்காணி இருந்தான் மதினி. கொழுந்து பறிக்க ஆளுக்கு ஒரு வரிசை பிரிச்சு விடுவான், நெரைம்போம். கேள்வி கேட்டவளுக்கு மேட்டு நெரையக் குடுப்பான். ஏறவும் முடியாது, கூடையும் நெறையாது. ஒருத்தி கேள்வி கேட்டா, அவள மேட்டுக்கு அனுப்பிட்டு அவ நெரைய எனக்குக் குடுத்தான். நல்ல சமதளம். நானும் வாங்கிக்கிட்டேன். இது யாரு நெரைன்னு கேக்கல. அதனால உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா தெரியலைன்னு மட்டும் சொல்லாதீக."

போய்விட்டார். கதிர் மட்டும் மேஜைமேல் கிடந்தது.

போனை எடுத்து குரூப்பைத் திறந்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு மெசேஜ்: 'வால் மடைப் பலகையைத் திறந்து தண்ணீர் திருடியதால், இந்த வாரம் அந்த முறை நிறுத்தம். தண்ணீர் அடுத்த முறைக்காரருக்கு. ஒழுங்கு முக்கியம்.' அடுத்த முறைக்காரர் நாங்கள். மெசேஜுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். யார் யார் விரல் என்று தொட்டுப் பார்த்தேன்.

அதில் என் பெயரும் இருந்தது.

சத்தியமாக நான் அதைப் படிக்கவில்லை. அட்மின் எது போட்டாலும் ஒரு கட்டைவிரலை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு குடும்பத்தின் நெல்லைப் பதராக்குவதற்கு ரசம் கொதிக்கும் நேரத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அழுதேன் என்று சொல்லிவிடுகிறேன், போகட்டும்.

மத்தியானமே வால் மடைக்கு நடந்தேன். பலகையை யாரும் திறந்திருக்கவில்லை. அடிப்பக்கம் உக்கிப் போயிருந்தது. விரலை வைத்து அழுத்தினால் மரம் மாவு மாதிரி உதிர்ந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் மற்றவர்கள் முறையில் தண்ணீர் கொஞ்சம் கசிந்திருக்கிறது. "ரெண்டு தடவ போயிச் சொன்னோம், பலகை மாத்தணும்னு. குரூப்புல போடச் சொன்னாக. நாங்க எங்க போட? எங்களால எழுத முடியாதே" என்றார் முத்தையா. எங்கள் யாராலும்தான் எழுத முடியாது.

மறுநாள் செல்வராஜைப் பார்க்கப் போனேன். எழுந்து நின்று, நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார்.

"செல்வராஜு, அந்தப் பலகை உக்கிப் போயிருக்குதுங்க. நான் பாத்துட்டுத்தான் வரேன். அவங்க திருடலை."

"அப்படீங்களா அக்கா? ஏனுங்க, உங்க வயலுக்குத் தண்ணி கொறஞ்சுதுங்களா?"

"இல்லீங்க."

"முறை தவறுச்சுங்களா?"

"இல்லீங்க, ஆனா..."

"அப்புறம் என்னங்கக்கா?" அவர் நிஜமாகவே புரியாதவர் மாதிரிதான் கேட்டார். "ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அந்த மடையச் சிமெண்ட் வெச்சே அடைச்சுரலாம்னு இருக்குதுங்க. வந்தவங்களுக்கு எதுக்குங்க வாய்க்கால் தண்ணி? போர் போட்டுக்கட்டும். நீங்க எழுதறவங்க, நம்ம ஊரப் பத்தி நல்லதா நாலு வரி எழுதுங்க. மாமனையும் கேட்டதாச் சொல்லுங்க. அவரு தாத்தா ஊரு... பெருமாட்டிதானுங்களே?"

மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் குரல் உயரவே இல்லை, கவனியுங்கள். கத்தும் ஆளைப் பற்றியே நாமெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மோர் கொடுத்துப் பேசும் ஆளை என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சொன்னேன். எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நமக்கெதுக்குப் புள்ள? நாளைக்கு நம்ம மடையையும் அடைச்சுப்போட்டாங்கன்னா?"

"அடைச்சாத் தெரியட்டுமுங்க. பேச்சிக்கா தண்ணியில வெளைஞ்ச சோறு எனக்கு எறங்காது."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் பேச்சியம்மாள் மாதிரி பேசிக் காட்டி நான் கேட்டதில்லை.

வெள்ளியும் சனியும் வீடு வீடாகப் போனேன். எங்கே போனாலும் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் பேசினார்கள். "பாவமுங்க அவங்க. அநியாயந்தானுங்க. ஆனா எம்பேர மட்டும் சொல்லிராதீங்கக்கா." அடுத்த வீட்டிலும் அதேதான், அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். ஒவ்வொரு வீட்டிலும் தாங்கள் மட்டும்தான் இப்படி நினைப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு குரூப்பில் நாற்பது பேரும் பேச முடியாமல் செய்துவிட்டால் இதுதான் நடக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வாசகசாலை ஹாலில் கூட்டம். முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வாசலிலேயே ஒரு சிமெண்ட் மூட்டையைச் சாத்தி வைத்திருந்தார்கள், முடிவெல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்ட மாதிரி. சுவரோரம் பச்சை டீ-ஷர்ட்டுகள். படிவத்தின்படி 'வந்தவர்'களுக்கு ஓட்டு இல்லை என்பதால் பேச்சியம்மாளும் முத்தையாவும் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

செல்வராஜ் எழுந்தார். தூர் வாரியதைச் சொன்னார். நேரம் தவறாததைச் சொன்னார். எல்லாம் உண்மை. பிறகு அதே குரலில்: "வால் மடைய அடைச்சுரலாம்னு இருக்குதுங்க. சம்மதம்னா ஒரு கை தட்டுங்க."

கைகள் சேர ஆரம்பித்துவிட்டன. நான் எழுந்தேன். 

"செல்வராஜு, தட்ட வேண்டாமுங்க. பழையபடி கை தூக்கச் சொல்லுங்க."

"என்னங்கக்கா வித்தியாசம்?" என்று சிரித்தார்.

"தட்டுனா சத்தந்தானுங்க கேக்கும். யாரு தட்டுனாங்கன்னு தெரியாது. வேண்டாம்ங்கறவங்க எப்படித் தட்டறதுங்க?"

ஹாலில் ஒரு சலசலப்பு. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அப்புறம் பேச வராது என்று தெரியும்.

"செவ்வாக்கிழமை பேச்சிக்கா முறைத் தண்ணி எங்க வயலுக்கு வந்துச்சுங்க. நாலு மணி நேரம். நான் ஏன்னு கேக்கலை. எடுத்துக்கிட்டேன். அதுக்குக் கட்டவெரலும் போட்டிருக்கறேன். திருடினது அவங்க இல்லீங்க, நான்தான். பலகை உக்கிப் போயிருக்குது, யாரு வேணும்னாலும் போய்ப் பாருங்க. இப்ப, அந்த மடைய அடைக்கணும்ங்கறவங்க கை தூக்குங்க. பேச்சிக்கா அங்க கதவுகிட்டத்தான் நிக்கறாங்க. அவங்க மூஞ்சியப் பாத்துத் தூக்குங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தூக்கவில்லை. பச்சை டீ-ஷர்ட்டுகளில் சிலர் தூக்கினார்கள். அவர்களிலும் ஒருவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவது போலக் கையை இறக்கிக்கொண்டார். எண்ணினேன். ஏழு.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஹாலே தட்டக் காத்திருந்தது. கையை மேலே தூக்கி, இது என் கைதான் என்று காட்டச் சொன்னால் ஏழு.

"வேண்டாம்ங்கறவங்க?"

என் கையைத் தூக்கினேன். ஒரு கை தனியாக மேலே நிற்கும்போது எவ்வளவு கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோள் வலித்தது. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் எங்கள் வீட்டுக்காரர். அவர் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டோடு கையைத் தூக்கினார். முப்பது வருஷக் கல்யாணத்தில் அவரைப் பார்த்து எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பிறகு நாலு வயல் தள்ளி இருக்கும் ரங்கசாமி அண்ணன். அப்புறம் 'எம்பேர சொல்லிராதீங்க' என்ற இரண்டு பெண்கள். ஒவ்வொன்றாக... பதினாறு.

ஏழுக்குப் பதினாறு. செல்வராஜின் சிரிப்பு மாறவில்லை. "சரிங்க, அடுத்த கூட்டத்துல பேசிக்கலாமுங்க" என்று நோட்டை மூடினார்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷன்.

"அதிருக்கட்டுமுங்க. இப்ப வாய்க்கால்ல ஓடிட்டிருக்கற தண்ணி யாரோட முறைங்க?"

ஒரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. ரங்கசாமி அண்ணன் கையைத் தூக்கினார். "என்னுதுங்க. ரெண்டு மணி வரைக்கும் இருக்குது. பேச்சியம்மா வயலுக்குப் போகட்டும். நான் என் பலகையைப் போட்டுடறேன்."

தண்ணீர் எடுக்கக் கூடாது என்று தடுக்க லிஸ்ட் இருக்கிறது. எனக்கு வேண்டாம், கீழே போகட்டும் என்பவரைத் தடுக்க எந்த லிஸ்டிலும் இடமில்லை. பச்சை டீ-ஷர்ட்டுகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நாங்கள் பத்துப் பேர் வாய்க்கால் ஓரமாகவே நடந்து, வழியில் திறந்திருந்த மடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போனோம். எங்கள் வீட்டுக்காரர் ஒரு புதுப் பலாப்பலகை கொண்டுவந்தார். வாசலில் இருந்த சிமெண்ட் மூட்டையை யாரோ தூக்கி வந்துவிட்டார்கள். பலகை நிற்க இரண்டு பக்கமும் பூசிக் கட்ட அது சரியாக இருந்தது. தண்ணீர் வால் மடைக்கு வந்து சேர்ந்தபோது முத்தையா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மாள் மட்டும் மண்வெட்டியால் வரப்பை வெட்டி விட்டுக்கொண்டே இருந்தார்.

கதை சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு நெல் பதராகிவிட்டது. அதை யாராலும் திருப்பித் தர முடியாது. செல்வராஜ் இன்னும் இருக்கிறார். வழியில் பார்த்தால் வணக்கம்ங்க அக்கா என்கிறார். அன்று சாயங்காலமே என்னையும் எங்கள் வீட்டுக்காரரையும் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பித்தளைக் குடத்தைத் தேடினோம். ரங்கசாமி அண்ணன் வீட்டில் புளி போட்டு வைத்திருந்தார்கள். கழுவி வாங்கி வந்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டுதான் போவேன். முதல் சீட்டைப் பேச்சியம்மாள் எடுக்க வேண்டும். அதுவரை விடப் போவதில்லை.

என் கவலை அந்த ஏழு பேரைப் பற்றி அல்ல. அவர்கள் கை எனக்குத் தெரியும். முப்பத்தெட்டில் ஏழும் பதினாறும் போக மிச்சம் பதினைந்து பேர். எந்தப் பக்கமும் தூக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் முன்னால் நானும் அந்தப் பதினைந்தில் ஒருத்திதான். அவர்கள் வீட்டுச் சமையலறைகளுக்குத்தான் இப்போது தினமும் போய்க்கொண்டிருக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. பத்திலிருந்து இரண்டு மணி வரை எங்கள் முறை. எங்கள் பலகையைப் போட்டுவிட்டு, நாலு மணி நேரமும் தண்ணீர் எங்களைத் தாண்டிக் கீழே போவதைப் பார்த்துக்கொண்டு மடைப்பக்கமே உட்கார்ந்திருந்தோம். கடன் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கல்பாத்திக்காரருக்கு நேற்று சாயங்காலம் நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வாசலுக்கு வரும்போது எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே சார்... எங்கள் வாசலுக்கு அது பூட்ஸ் போட்டுக்கொண்டு வரவில்லை. சலசலவென்று, குளுகுளுவென்று, எங்களுக்கு லாபமாகத்தான் வந்தது. என் நோட்டிலிருந்த குறிப்புகளை அப்படியே கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்க தெருவிலயும் ஒரு படிவம் வந்திருக்கும்மா. நானும் பூர்த்தி பண்ணிக் கொடுத்துட்டேன்" என்றார் மெதுவாக.

திருப்பி வாங்குங்கள் சார் என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஒரு நிமிஷம் முன்னாடி வந்தாலும் சரி... யார் முறை என்று கேட்ட பிறகுதான் காபி!